கொடுக்க முடியாத தொப்பி

மாலை நேரம். வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பள்ளிச் சீருடையுடன் இரண்டு நண்பர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இருவர் கண்களும் திரையில் பதிந்திருக்கின்றன. அரை மணி நேரமாக அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "அங்கே போகாதே", "இதை எடுத்துக்கொள்" என்பவைபோன்ற சில சொற்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அவ்வழியே செல்லும் பெரியவர் ஒருவர் அவர்களைப் பார்த்து, "பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத இவர்களுக்குள் என்ன நட்பு இருக்க முடியும்?" என்று எண்ணக்கூடும். அவர் எண்ணுவதில் நியாயம் இருக்கலாம். ஆனால், அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. காணொளி விளையாட்டுகளைப் பல்லாண்டு விளையாடிய இரண்டு நண்பர்களின் வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது. அது ஜப்பானில் நடந்தது. அந்த வரலாற்றின் நடுவில் ஒரு தொப்பி இருக்கிறது.

வண்டு தேடிய சிறுவன்

சத்தோஷி தஜிரி 1965ஆம் ஆண்டு தோக்கியோவில் பிறந்தார். தோக்கியோவின் புறநகர்ப் பகுதியான மச்சிடாவில் வளர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அங்கே வயல்களும் குளங்களும் மரங்கள் அடர்ந்த இடங்களும் இருந்தன. பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவருக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு. நண்பர்கள் அவரைப் "பூச்சி மருத்துவர்" என்று கேலியாக அழைத்தனர்.

வண்டு பிடிப்பதற்குப் பொதுவாகப் பிள்ளைகள் மரப்பட்டையில் தேனைத் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். தஜிரி வேறு வழியைக் கண்டுபிடித்தார். வண்டுகள் பகலில் உறங்குகின்றன. கல்லுக்கு அடியில் உறங்குவதை அவை விரும்புகின்றன. இதைக் கவனித்த அவர், மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுச் செல்வார். பிறகு வந்து கல்லைத் தூக்கிப் பார்த்தால் வண்டுகள் இருக்கும். ஒன்றைக் கூர்ந்து நோக்கி அதன் இயல்பைப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது.

காலப்போக்கில் மச்சிடா மாறியது. வயல்கள் இருந்த இடத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. மீன் பிடித்த குளம் மூடப்பட்டு, அந்த இடத்தில் காசு போட்டு விளையாடும் விளையாட்டுக்கூடம் வந்தது. பூச்சிகள் குறைந்தன. 1978ஆம் ஆண்டில் "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" என்னும் காணொளி விளையாட்டு ஜப்பானில் அறிமுகமானது. வண்டுகளைத் தேடிய அந்தச் சிறுவன், இப்போது இளையராக விளையாட்டுக்கூடத்திற்குச் செல்லத் தொடங்கினார். அங்கேயே பல மணி நேரத்தைக் கழித்தார்; வகுப்புகளுக்குச் செல்லாமலும் இருந்தார். மகன் தவறான பாதையில் செல்கிறானோ என்று பெற்றோர் கவலைப்பட்டனர். இன்று பல வீடுகளில் நாம் காணும் கவலைதான் அது.

ஓர் இதழ் தேடித்தந்த நண்பர்

விளையாட்டுக்கூடத்திலும் தஜிரி கூர்ந்து நோக்கும் பழக்கத்தை விட்டுவிடவில்லை. எந்த எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த இடத்தில் இரகசியம் ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் அவர் கவனித்தார். கவனித்தவற்றை மற்றவர்களிடம் சொல்ல விரும்பினார். அக்காலத்தில் இணையம் பொதுமக்களின் பயன்பாட்டிற்கு வரவில்லை. ஒரு விளையாட்டில் வெல்லும் வழியை அறிந்துகொள்ள வேண்டுமானால், அறிந்த ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

ஆகவே 1983ஆம் ஆண்டில் தஜிரி "கேம் ஃபிரீக்" என்ற சிறிய இதழைத் தொடங்கினார். அதைக் கையால் எழுதினார். படியெடுத்த தாள்களைத் தாமே ஸ்டேப்ளரால் கோத்தார். விளையாட்டுகளில் வெல்வதற்கான வழிமுறைகளும் அவற்றைப் பற்றிய கருத்துகளும் அதில் இடம்பெற்றன. "செவியஸ்" என்னும் விளையாட்டைப் பற்றிய இதழ் பத்தாயிரத்திற்கும் அதிகமான படிகள் விற்றது.

அந்த இதழ், இரசிகர்கள் தாங்களே அச்சிட்டு வெளியிடும் நூல்களை விற்கும் ஒரு கடையில் இன்னோர் இளையரின் கண்ணில் பட்டது. அவர் பெயர் கென் சுகிமோரி. 1966ஆம் ஆண்டில் பிறந்த அவர், தஜிரியைவிடச் சில மாதங்களே இளையவர். அவருக்கும் காணொளி விளையாட்டுகள் பிடிக்கும். நன்றாகப் படம் வரையவும் தெரியும். அவர் தஜிரியோடு தொடர்புகொண்டு, அந்த இதழுக்குப் படங்கள் வரைந்து தர முன்வந்தார்.

ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இருவரும் விளையாடுவர். இவ்வாறு அவர்கள் நட்பு வளர்ந்தது. அவர்களை ஒன்றுசேர்த்தது விளையாட்டுதான். ஆனால், அந்த நட்பு விளையாட்டோடு நின்றுவிடவில்லை. விளையாடியதைப் பற்றிச் சிந்தித்தார்கள், வாதிட்டார்கள், எழுதினார்கள், வரைந்தார்கள். ஒரு விளையாட்டு ஏன் நன்றாக இருக்கிறது, மற்றொன்று ஏன் சலிப்பூட்டுகிறது என்று ஆராய்ந்தார்கள். விற்பனைக்கு வந்த விளையாட்டுகளுள் பல தரமாக இல்லை என்ற முடிவுக்கும் வந்தார்கள்.

52 எழுத்துகளும் ஒரு தொப்பியும்

1987ஆம் ஆண்டு ஜனவரியில் "டிராகன் குவெஸ்ட் 2" என்ற விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. அதில் விளையாடுபவர் சில வீரர்களை வழிநடத்திக்கொண்டு நாடு முழுவதும் பயணம் செய்ய வேண்டும். வழியில் எதிர்ப்படும் பகைவர்களை வெல்ல வேண்டும். அவர்களை வெல்லும்போது எப்போதாவது ஓர் அரிய பொருள் கிடைக்கும்.

அது தனியாளாக விளையாடும் விளையாட்டு. அதன் முதல் பதிப்பில், விளையாட்டை இடையில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர விரும்பினால், திரையில் தோன்றும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடவுச்சொல் 52 எழுத்துகள் வரை நீளக்கூடியது. அவற்றுள் ஓர் எழுத்தைத் தவறாக எழுதினாலும் அதுவரை விளையாடியது வீணாகிவிடும். ஒருவருடைய விளையாட்டுக்கும் அடுத்தவருடைய விளையாட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை.

தஜிரியும் சுகிமோரியும் அந்த விளையாட்டை விளையாடினார்கள். அதில் "மாயத் தொப்பி" என்று ஒரு பொருள் உண்டு. அது மிக மிக அரிதாகவே கிடைக்கும். தஜிரி அதற்காக எவ்வளவோ முயன்றார். அவருக்கு ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை. சுகிமோரிக்கோ இரண்டு கிடைத்தன.

ஒருவரிடம் ஒன்றுமில்லை. மற்றவரிடம் தேவைக்கு மேல் ஒன்று இருக்கிறது. உண்மை வாழ்க்கையில் நண்பர்களுக்கு இடையே இது ஒரு சிக்கலே அன்று. நம்மிடம் இரண்டு எழுதுகோல்கள் இருந்து, பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனிடம் ஒன்றுமே இல்லாவிட்டால், கேட்பதற்கு முன்பே ஒன்றை எடுத்து நீட்டிவிடுவோம். ஆனால், அந்த விளையாட்டில் அதற்கு வழியில்லை. சுகிமோரியின் இரண்டாவது தொப்பி அவருடைய விளையாட்டுக்குள்ளேயே சிறைப்பட்டிருந்தது. நண்பர்கள் இருவரும் ஒரே விளையாட்டை விளையாடினாலும், அவர்கள் தனித்தனி உலகங்களில் இருந்தார்கள்.

"இந்தத் தொப்பியை என் நண்பனுக்குக் கொடுக்க முடிந்தால் எப்படி இருக்கும்?" அந்தச் சிறிய ஏமாற்றத்தில் இப்படி ஒரு கேள்வி அடங்கியிருந்தது. தஜிரி அதை மறக்கவில்லை.

ஒரு கம்பி காட்டிய வழி

குறை சொல்வதோடு நிற்காமல், தாங்களே ஒரு நல்ல விளையாட்டை உருவாக்க வேண்டும் என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். தஜிரி தம்முடைய விளையாட்டுக் கருவியைப் பிரித்துப்போட்டு, அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்தார். கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய "குவின்டி" என்ற விளையாட்டு 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. தரையில் உள்ள பலகைகளைப் புரட்டி எதிரிகளை விரட்டும் விளையாட்டு அது. அதை ஒரே நேரத்தில் இருவர் சேர்ந்து விளையாடலாம். நண்பர்கள் உருவாக்கிய முதல் விளையாட்டில் நண்பனுக்கும் ஓர் இடம் இருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி "கேம் ஃபிரீக்" ஒரு நிறுவனமாகப் பதிவு பெற்றது. கையால் எழுதி, ஸ்டேப்ளரால் கோத்த இதழின் பெயரே நிறுவனத்தின் பெயராகவும் ஆனது. அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்னர்தான், ஏப்ரல் 21ஆம் தேதி, நிண்டெண்டோ நிறுவனத்தின் "கேம் பாய்" ஜப்பானில் விற்பனைக்கு வந்திருந்தது. கையடக்கமான அந்தக் கருவி நான்கு சிறிய மின்கலங்களில் இயங்கியது. அதன் திரையில் வண்ணங்கள் கிடையாது.

கேம் பாயின் ஒரு பக்கத்தில் சிறிய துளை ஒன்று இருந்தது. அதில் ஒரு கம்பியைச் செருகி, அதன் மறுமுனையை இன்னொரு கேம் பாயில் செருகலாம். இந்த இணைப்புக் கம்பியைப் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவதற்கே விளையாட்டுகள் பயன்படுத்தின. தஜிரியின் மனக்கண்ணில் வேறொரு காட்சி தோன்றியது. ஒரு பூச்சி அந்தக் கம்பியின்மேல் ஊர்ந்து, ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குச் செல்வதாக அவர் கற்பனை செய்தார்.

சிறு வயதில் பிடித்த பூச்சிகளும், கொடுக்க முடியாமற்போன தொப்பியும் இந்தக் கற்பனையில் ஒன்றுசேர்ந்தன. உயிரினங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்; பிடித்தவற்றை நண்பனோடு பரிமாறிக்கொள்ள வேண்டும். மூடப்பட்ட குளத்தையும் மறைந்துபோன வயலையும் நேரில் பார்க்க இயலாத பிள்ளைகளுக்கு, பூச்சி பிடிக்கும் இன்பத்தை விளையாட்டின் வழியாகவாவது தர அவர் விரும்பினார். நிண்டெண்டோ நிறுவனத்திடம் இந்தத் திட்டத்தை எடுத்துரைத்தார். அதுவே பின்னர் "போக்கிமோன்" ஆயிற்று.

ஆறு ஆண்டுச் சோதனை

திட்டம் தீட்டுவது எளிது. அதை முடிப்பது கடினம். போக்கிமோன் விளையாட்டை உருவாக்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் பணம் தீர்ந்துபோகும் நிலை வந்தது. நிறுவனத்தின் நிலைமையை அறிந்த ஊழியர்கள் சிலர் விலகிச் சென்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. ஒவ்வொருவருக்கும் குடும்பமும் செலவும் இருக்கும். தஜிரி தமக்கென்று சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. மகனைப் பற்றி ஒரு காலத்தில் கவலைப்பட்ட தந்தையின் வருமானத்தை நம்பியே அவர் வாழ வேண்டியிருந்தது.

நிறுவனம் மூழ்கிவிடாமல் இருக்க, நண்பர்கள் வேறு விளையாட்டுகளையும் உருவாக்கினார்கள். 1991ஆம் ஆண்டில் "யோஷி", 1993ஆம் ஆண்டில் "மாரியோ அண்ட் வாரியோ", 1994ஆம் ஆண்டில் "பல்ஸ்மேன்" ஆகியவை வெளிவந்தன. இவற்றுள் "பல்ஸ்மேன்" விளையாட்டைச் சுகிமோரி இயக்கினார். கனவைக் கைவிடாமல் இருப்பதற்காக, கனவல்லாத வேலைகளையும் அவர்கள் செய்தார்கள்.

உதவிக்கரம் நீட்டியவர்களும் இருந்தார்கள். புகழ்பெற்ற விளையாட்டு வடிவமைப்பாளரான ஷிகெரு மியாமோட்டோ ஆலோசனைகள் வழங்கினார். சுனேகஸு இஷிஹாரா என்பவர் தம் நிறுவனத்தின் மூலம் பண உதவி கிடைக்கச் செய்தார்.

இத்தனை ஆண்டுகளிலும் சுகிமோரி விலகவில்லை. அவர் பல வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து உயிரினங்களை வரைந்தார். பலர் வரைந்த உருவங்கள் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றும்படி, அவற்றிற்கு இறுதி வடிவம் கொடுத்தார். பலரும் அறிந்த பிக்காச்சுவை முதலில் வடிவமைத்தவர் அட்சுகோ நிஷிடா என்ற பெண் ஓவியர். நண்பர்கள் இருவரால் தொடங்கப்பட்ட பணி, இவ்வாறு பலரின் உழைப்பால் நிறைவேறியது.

தனியாக முடிக்க முடியாத விளையாட்டு

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி போக்கிமோன் விளையாட்டு இரண்டு பதிப்புகளாக வெளிவந்தது. ஒன்று சிவப்பு, மற்றொன்று பச்சை. இரண்டிலும் கதை ஒன்றுதான். ஆனால், அவற்றில் கிடைக்கும் உயிரினங்களில் வேறுபாடு இருந்தது. எடுத்துக்காட்டாக, சிவப்புப் பதிப்பில் எகான்ஸ், குரோலித் ஆகியவை கிடைக்கும். பச்சைப் பதிப்பில் அவை கிடைக்கமாட்டா. பச்சைப் பதிப்பில் கிடைக்கும் சேண்ட்ஷ்ரூ, வல்பிக்ஸ் ஆகியவற்றைச் சிவப்புப் பதிப்பில் காண முடியாது. ஒரு பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை நூறு மணி நேரம் விளையாடினாலும் எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துவிட முடியாது. மற்றொரு பதிப்பை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேண்டும்.

அதோடு, நான்கு உயிரினங்கள் மற்றொருவருக்குக் கொடுக்கப்படும்போது மட்டுமே அடுத்த நிலைக்கு வளரும். கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் ஆகியவையே அந்த நான்கு. அவற்றைத் தன்னிடமே வைத்திருப்பவரிடம் அவை அப்படியே இருக்கும். கையைவிட்டுப் போனால்தான் அவை முழு வளர்ச்சி அடையும்.

பரிமாறிக்கொள்ளும் முறையும் கவனிக்கத்தக்கது. இருவர் அருகருகே அமர்ந்து, தங்கள் கருவிகளைக் கம்பியால் இணைக்க வேண்டும். இருவரும் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கொடுத்தது அவருடைய விளையாட்டிலிருந்து நீங்கி, மற்றவருடைய விளையாட்டில் சேர்ந்துவிடும். இக்காலத்தில் ஒரு படத்தையோ பாடலையோ நண்பருக்கு அனுப்பினால், அது நம்மிடமும் இருக்கும். அங்கே அப்படியில்லை. கொடுப்பவர் உண்மையிலேயே ஒன்றை இழக்கிறார். அதனால்தான் அந்தக் கொடைக்கு மதிப்பு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. பரிமாறப்பட்ட உயிரினத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தால், அதை முதலில் பிடித்தவரின் பெயரும் எண்ணும் இருக்கும். அது யார் கைக்கு மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. நண்பன் வேறு பள்ளிக்கு மாறிச் சென்றிருக்கலாம். வேறு நாட்டுக்கே குடிபெயர்ந்திருக்கலாம். அவன் கொடுத்த உயிரினத்தில் அவன் பெயர் நிலைத்திருக்கும்.

கேம் பாய் வெளிவந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பழைய கருவிக்கான புதிய விளையாட்டு பெரும் வெற்றி பெறும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. தொடக்கத்தில் விற்பனை மெதுவாகவே இருந்தது. ஆனால், பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் சொல்ல, விளையாட்டு பரவியது. தனியாக முடிக்க முடியாத விளையாட்டு என்பதால், விளையாடிய ஒவ்வொருவரும் இன்னொருவரைத் தேடினார்கள். காலப்போக்கில் ஜப்பானில் மட்டும் அதன் விற்பனை 10 மில்லியனைத் தாண்டியது. அடுத்த ஆண்டில் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அதன் நாயகனை நாம் "ஆஷ்" என்று அறிவோம். ஜப்பானிய மொழியில் அவன் பெயர் சத்தோஷி.

நம் வட்டாரத்திற்கு வந்தபோது

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி "போக்கிமோன் கோ" சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறிமுகமானது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தால்தான் அதை விளையாட முடியும். சிங்கப்பூரின் ஹவ்காங் அவென்யூ 10இல் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்திலும் மக்கள் திரண்டனர். இளையர்களும் பெரியவர்களும் அங்கே காணப்பட்டனர். அறிமுகமில்லாதவர்கள்கூட, "எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டனர். அதே வேளையில், சாலையைக் கவனிக்காமல் நடப்பதும் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தருவதும் கண்டிக்கப்பட்டன.

அந்த விளையாட்டில் பரிமாறிக்கொள்ளும் வசதி 2018ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. இணையத்தின்வழி உலகின் எந்த மூலைக்கும் எதையும் அனுப்பக்கூடிய காலம் அது. ஆயினும், பரிமாறிக்கொள்ளும் இருவரும் ஒருவருக்கொருவர் அருகில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் விதி வகுக்கப்பட்டது. கம்பி மறைந்துவிட்டது, ஆனால், அந்தக் கம்பி வலியுறுத்திய நெருக்கம் மறையவில்லை.

விளையாட்டும் நட்பும்

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, "நாமும் நாள் முழுவதும் விளையாடினால் போதும், ஒரு நாள் பெரிய ஆளாகிவிடலாம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்காலத்தில் ஜப்பானின் விளையாட்டுக்கூடங்களில் பொழுதைக் கழித்த இளையர்கள் ஏராளம். அவர்கள் எல்லாரும் போக்கிமோனை உருவாக்கவில்லை. தஜிரியும் சுகிமோரியும் விளையாடியதோடு நிற்காமல், எழுதினார்கள், வரைந்தார்கள், கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள். தந்தையின் ஆதரவும் பிறருடைய உதவியும் இல்லாதிருந்தால், அவ்வளவு செய்தும் அவர்கள் தோற்றிருக்கக்கூடும்.

எனினும், விளையாடிய நேரமெல்லாம் வீண் என்றும் கூறிவிட முடியாது. அந்த நேரம் அவர்களுக்கு ஒரு நண்பரைத் தந்தது. நண்பருக்கு எது பிடிக்கும், அவர் எதற்காக ஏங்குகிறார் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் தந்தது. தனக்குக் கிடைக்காத தொப்பி நண்பரிடம் இரண்டு இருப்பதைக் கண்டு பொறாமைப்படுவது எளிது. "என்னிடம் இரண்டு இருக்கின்றன" என்று பெருமையடித்துக்கொள்வதும் எளிது. அந்த ஏமாற்றத்தைப் பொறாமையாக வளரவிடாமல், கொடுப்பதற்கு ஒரு வழியைத் தேடியதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு.

கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்கும் நம் இரண்டு மாணவர்களிடம் மீண்டும் வருவோம். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால், "இதை எடுத்துக்கொள்" என்று ஒருவன் சொன்னானே, அதை நாம் கவனிக்க வேண்டும். தனக்குக் கிடைத்ததை அவன் நண்பனுக்கு விட்டுக்கொடுத்தான். கைப்பேசியைப் பையில் வைத்த பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. தேர்வில் தோற்ற நண்பனுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தருகிறானா? உடல்நலம் குன்றியவனுக்குக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறானா? ஆம் என்றால், அவர்கள் விளையாடும் நேரத்தைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இல்லை என்றால், அவர்களும் ஒரே விளையாட்டை விளையாடிக்கொண்டு தனித்தனி உலகங்களில் வாழ்கிறார்கள் என்றே பொருள்.

அந்தப் பழைய விளையாட்டில், சுகிமோரியின் இரண்டாவது தொப்பி தஜிரியைச் சென்றடைய வழியே இருக்கவில்லை. ஆனால், அதன் காரணமாகத் தோன்றிய விளையாட்டு, பின்னர் மில்லியன் கணக்கான பிள்ளைகளை அருகருகே அமரவைத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் இருந்த நண்பனுக்குக் கொடுத்தது.

கலந்துரையாடுவோம்

1. தஜிரிக்குச் சிறு வயதில் இருந்த எந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்கு உதவியது? பகுதியிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

2. "கையைவிட்டுப் போனால்தான் அவை முழு வளர்ச்சி அடையும்." விளையாட்டில் அமைந்த இந்த விதி நட்பைப் பற்றி உனக்கு என்ன உணர்த்துகிறது?

3. படத்தையோ பாடலையோ நண்பருக்கு அனுப்புவதற்கும் போக்கிமோன் விளையாட்டில் பரிமாறிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு யாது? இவற்றுள் எது உயர்ந்தது என்று கருதுகிறாய்? காரணம் கூறுக.

4. மகன் விளையாட்டுக்கூடத்தில் நேரத்தைக் கழித்ததைக் கண்டு தஜிரியின் பெற்றோர் கவலைப்பட்டனர். அந்தக் கவலை நியாயமானதா? நீ அவர்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? குழுவில் கலந்துரையாடுக.

5. நீண்ட காலமாக உன்னோடு விளையாடும் நண்பர் ஒருவரை நினைத்துக்கொள். விளையாட்டுக்கு வெளியே அவர் உனக்குக் கொடுத்த ஒன்றைப் பற்றியும் நீ அவருக்குக் கொடுத்த ஒன்றைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுக.